பனியா, சகுராவா? ஜப்பான் டிக்கெட் போடும் முன் ஒரு கணக்கு

எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும்தான். ரிவ்யூக்களுக்கு நடுவில் பத்து நாள் கிடைக்கும், இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் சேர்த்த பணமும் கொஞ்சம் இருக்கு. ஜப்பான் போகலாம் என்பதில் எங்க ரூமில் நாலு பேருக்கும் சண்டையே இல்லை. எப்போ என்பதில்தான் சண்டை. இரண்டு பேர் பிப்ரவரி பனி, இரண்டு பேர் மார்ச் கடைசி சகுரா. ஸ்டைபெண்டில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிற நண்பன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்: "போய் இறங்கும்போது பூவே இல்லைன்னா?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதியது. நீங்களும் இதே குழப்பத்தில் இருந்தா தொடர்ந்து படிங்க.

முதலில் பிப்ரவரி. டோக்கியோவில் அப்போ வெறும் குளிர்தான், பனி அபூர்வம். பனி வேணும்னா வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போகணும். அங்கே சப்போரோ நகரத்தின் பிப்ரவரி சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 3 டிகிரி. மாசத்தின் தொடக்கத்தில் பனித் திருவிழா நடக்கும். 1950-ல் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் ஆறு பனிச் சிற்பங்கள் செய்து ஆரம்பித்து வைத்தது அது. கிழக்கே அபாஷிரியில் கடலில் மிதக்கும் பனிக்கட்டிகளைக் கப்பலில் போய்ப் பார்க்கலாம்.

பிப்ரவரியின் பெரிய பிளஸ், ஏமாற்றாது என்பதுதான். நீங்க எந்த வாரம் போனாலும் சப்போரோவில் பனி இருக்கும். மைனஸும் உண்டு. கனமான பனி விழும் நாளில் விமானம் ரத்தாகலாம், அதனால் ஊர் திரும்பும் ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரு நாள் காலியா வையுங்க. ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் இங்கே போதாது. நடைபாதை கண்ணாடி மாதிரி வழுக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் பிடிப்பான் அங்கேயே கடைகளில் கிடைக்கும்.

இப்போ சகுரா. நகரங்களில் அதிகம் காணப்படுவது சோமேய் யோஷினோ என்ற வகை. இவை விதையில் வளர்ந்தவை இல்லை, எல்லாமே ஒட்டுக் கட்டி வளர்த்த ஒரே மரத்தின் நகல்கள். அதனால்தான் ஒரு ஊரில் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூக்கும், ஒரே நேரத்தில் உதிரும். பார்க்க அழகு, பிளான் பண்ண ஆபத்து.

எப்போ பூக்கும்? மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கப் போயிடும். அந்த உறக்கத்தைக் கலைக்க நல்ல குளிர் தேவை, அதுக்குப் பிறகு வளர வெப்பம் தேவை. இதுக்கு ஜப்பானில் ஒரு தோராய விதி சொல்வாங்க: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கிட்டே வாங்க, 400 டிகிரி தொடும்போது பூக்கும். டோக்கியோவில் பிப்ரவரி சராசரி சுமார் 6.1, 28 நாளுக்கு 171. மீதி 229. மார்ச் சராசரி சுமார் 9.4, வகுத்தா 24 நாள். அதாவது மார்ச் 24. டோக்கியோவில் பூ தொடங்கும் வழக்கமான நாளும் மார்ச் 24-தான்! அங்கிருந்து ஒரு வாரத்தில் முழுமலர்ச்சி. அதுக்கப்புறம் ஒரு வாரம் தாங்கினா அதிர்ஷ்டம். நடுவில் பலத்த மழையோ காற்றோ வந்தா அதுவும் இல்லை.

ஆனா சராசரி என்பது சராசரிதான். டோக்கியோவில் 2023-ல் மார்ச் 14-ஆம் தேதியே பூத்தது. அடுத்த வருஷம் மார்ச் 29. பதினைந்து நாள் வித்தியாசம், நம்ம டிரிப்போ பத்து நாள். கியோட்டோவில் 1,200 வருஷத்துக்கும் மேலான காலத்துக்கு முழுமலர்ச்சித் தேதிகள் கிடைத்திருக்கு, பழைய நாட்குறிப்புகளில் இருந்தெல்லாம் சேகரித்தது. அதில் 2021-ன் மார்ச் 26 அதுவரையிலான மிகச் சீக்கிரமான நாளாகப் பதிவானது. பூமி சூடாவதும் நகரங்கள் சூடாவதும் தேதியை முன்னால் தள்ளுது. தாத்தா காலத்து "ஏப்ரல் பூ" என்ற கணக்கை நம்பாதீங்க.

சகுராதான் வேணும் என்றால் மூணு விஷயம். ஒண்ணு, மார்ச் 28 முதல் ஏப்ரல் 6 வரை மாதிரி முழுமலர்ச்சியை நடுவில் வைத்து நாள் குறிங்க. இரண்டு, ஒரே ஊரில் எல்லா இரவுக்கும் பணம் கட்டாதீங்க. பூ தெற்கிலிருந்து வடக்கே நகரும். டோக்கியோவில் உதிர்ந்துட்டா, புல்லட் ரயிலில் வடக்கே செண்டாய் போனால் அங்கே ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் வழக்கமா பூக்கும். மூணு, அது ஜப்பானில் பள்ளி விடுமுறை நேரம், ரூம் வாடகை ஏறும். தூசி அலர்ஜி உள்ளவங்க மாஸ்க் எடுத்துக்கோங்க, சீடர் மர மகரந்தம் பறக்கும் சீசன்.

நடுவழியும் ஒண்ணு இருக்கு. பிப்ரவரி கடைசியில் போனா ஹொக்கைடோவில் பனி இன்னும் இருக்கும். டோக்கியோவுக்குத் தெற்கே இசு தீபகற்பத்தில் கவாசு என்ற ஊரில், சீக்கிரமே பூக்கும் வேறொரு சகுரா வகை அப்போதே இளஞ்சிவப்பாக நிற்கும். ஒரு மாசம் வரை நீடிக்கும் என்பதால் தப்பவிடும் பயம் குறைவு. பனித் திருவிழா மட்டும் முடிந்திருக்கும்.

சுருக்கமா: தேதியை நகர்த்த முடிந்தவங்களுக்கு சகுரா. தேதியும் பணமும் ஒரே தடவைதான் என்றால் குளிர்காலம். எங்க ரிவ்யூ தேதி நகராது, அதனால் பிப்ரவரி கடைசி என்று முடிவாச்சு. கேள்வி கேட்ட நண்பன் இப்போ சீனியர் ஒருத்தர்கிட்ட பழைய ஜாக்கெட்டுக்குப் பேரம் பேசிக்கிட்டு இருக்கான்.