உடலுக்குள் ஒரு தராசு

தேங்காய்க் கடையில் நிற்கும் நம் தாய்மாரைக் கவனித்திருப்பீர்கள். காயைக் கையிலெடுத்துச் சுண்டுவர். காதருகே வைத்து ஆட்டுவர். "இது முற்றல், அது இளசு" என்று நொடியில் பிரித்துவிடுவர். ஓட்டை உடைக்காமலே உள்ளிருப்பதை அறியவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் பழமையானது. ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருப்பதை அறியும் முறையை 1761-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். ஆனால் தட்டலும் தடவலும் செல்லாத இடம் ஒன்று உண்டு. அதுவே மண்டையோட்டின் உட்புறம். அங்கே இருப்பதை நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

நாராயணவனத்தில் ஒரு முதியவர்

திருப்பதிக்கும் புத்தூருக்கும் சென்று வருவோர் நாராயணவனத்தை அறிவர். பத்மாவதித் தாயாரின் திருமணம் நிகழ்ந்த ஊர் என்று போற்றப்படும் அவ்வூரில், கல்யாண வேங்கடேசர் கோயிலுக்கு நாள்தோறும் செல்லும் முதியவர் ஒருவர் படியில் வழுக்கி விழுந்தார் என்று கொள்வோம். மணிக்கட்டு முறிந்தது, தலையிலும் இலேசாக அடி. வீட்டார் என்ன செய்வர்? பக்கத்திலேயே இருக்கிறது புத்தூர். பச்சிலையும் முட்டை வெண்கருவும் துணியும் மூங்கிற் பட்டையும் கொண்டு கட்டும் 'புத்தூர்க் கட்டு' தென்னாடு முழுதும் பெயர் பெற்றதன்றோ? கையைக் காட்டினர், கட்டும் போட்டாயிற்று. தலையில் அடிபட்டதை வீட்டாரும் சொல்லவில்லை. முதியவரும் பெரிதாக எண்ணவில்லை.

மூன்று வாரம் சென்றது. தாத்தா பேரனின் பெயரை மாற்றி அழைக்கிறார்; பகலெல்லாம் உறங்குகிறார்; நடையில் தள்ளாட்டம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் பாட்டி. உண்மையில் அது மூப்பா, மண்டைக்குள் தேங்கிய குருதியா? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையில் ஓர் உயிர் தொங்குகிறது.

நிழலின் குறை

ராண்ட்ஜன் 1895-இல் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் எலும்பைக் காட்டின. எனினும் எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழலே. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழுகின்றன. மண்டையோடு கதிரை மிகுதியாகத் தடுப்பதால், அதனுள்ளிருக்கும் மென்மையான மூளையின் வேறுபாடுகள் நிழலில் மறைந்துவிடுகின்றன. மூளைக்கும் குருதிக் கட்டிக்கும் கதிரைத் தடுக்கும் ஆற்றலில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அதனை நிழலிலிருந்து எங்ஙனம் பிரிப்பது?

நம் சித்தூர்ப் பகுதியின் மாம்பழத்தைக் கொண்டே விடை காண்போம். சதுரமாக நான்கு கூடைகளை வைத்திருக்கிறோம். மேல்வரிசையில் இரண்டு, கீழ்வரிசையில் இரண்டு. தனித்தனியே எண்ணக் கூடாது. இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணிய தொகை மட்டுமே நமக்குத் தெரியும். மேல்வரிசையில் 5 பழம், கீழ்வரிசையில் 6. இடப்பக்கத்து இரு கூடைகளிலும் சேர்த்து 7, வலப்பக்கத்தில் 4. ஒவ்வொரு கூடையிலும் எத்தனை? முயன்று பாருங்கள். மேலே 2, 3. கீழே 5, 1 என்றாலும் கணக்குச் சரி. மேலே 1, 4. கீழே 6, 0 என்றாலும் சரியே. ஆகவே இரண்டு திசையில் பார்த்தது போதவில்லை. இனிக் குறுக்காகப் பார்ப்போம். மேல் வலக்கூடையிலும் கீழ் இடக்கூடையிலும் சேர்த்து 8 பழம் என்று தெரிந்தால், ஐயத்துக்கு இடமில்லை. முதல் விடையே விடை.

உடலின் ஒரு குறுக்குவெட்டை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகக் கொண்டு, கதிரைப் பல நூறு கோணங்களிற் செலுத்தி, அப்புறம் வெளிவரும் கதிரை அளந்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு தடுத்தது என்று கணிப்பதே சி.டி. ஸ்கேன். கதிர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பங்கு வீதம் குறைவதால் உண்மையில் அது பெருக்கற் கணக்கு. மடக்கை எடுத்தவுடன் அது நம் கூடைக் கணக்கைப் போலக் கூட்டலாகிவிடும்.

கணக்கும் கருவியும்

இதற்குரிய கணித அடிப்படையை ராடான் என்னும் அறிஞர் 1917-லேயே வகுத்தார். தென்னாப்பிரிக்காவிற் பிறந்த கார்மக் 1963, 1964-ஆம் ஆண்டுகளில் மருத்துவத்துக்கு ஏற்ற முறையை எழுதினார், கவனித்தார் சிலரே. இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்டு கருவியைச் செய்து முடித்தார். அவருடைய முதற்சோதனைக் கருவி ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாள் பிடித்ததாம்! 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அப்படத்தில் இருந்தவை நீளத்தில் 80, அகலத்தில் 80 ஆக 6,400 கட்டங்களே. 1979-ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு ஹவுன்ஸ்பீல்டு, கார்மக் இருவருக்கும் அளிக்கப் பெற்றது.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராய் விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பல கோணத்து நிழல்களினின்று உருவத்தை விரைவாகவும் தெளிவாகவும் மீட்கும் கணித வழி அதிலே கூறப்பட்டது. அவ்விருவர் பெயரின் முதற்பகுதிகளைச் சேர்த்து 'ராம்-லாக் வடிகட்டி' என்று உலகெங்கும் இன்றும் அதனை வழங்குகின்றனர்.

நீரே எல்லைக்கல்

கதிரைத் தடுக்கும் ஆற்றலை எண்ணாகச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? ஹவுன்ஸ்பீல்டு பெயரால் வழங்கும் அளவில் நீர் 0. காற்று கழித்தல் 1000. நீரின் தடுப்பாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஓர் அலகு. நீரைவிட நூற்றுக்கு நான்கு பங்கு மிகுதியாகத் தடுப்பது 40 ஆகும். கொழுப்பு நீரினும் குறைவாகத் தடுப்பதால் ஏறத்தாழ கழித்தல் 100. காற்று நிறைந்த நுரையீரல் கழித்தல் 700-க்கும் கீழே செல்லும். மூளை 20 முதல் 40 வரை. தசையும் ஈரலும் 50-ஐ ஒட்டி. புதிதாக உறைந்த குருதி 60 முதல் 80 வரை. கெட்டியான எலும்பு 1000-ஐயும் தாண்டும்.

இத்துணை நெடிய அளவை ஒரே படத்திற் காட்டினால் நம் கண்ணுக்கு மூளை முழுதும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். ஆதலின் மூளையைக் காணும்போது 0 முதல் 80 வரையுள்ள பகுதியை மட்டும் கருப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காண்பர். இதற்குச் 'சாளரம்' என்று பெயர். எலும்பைக் காண வேறு சாளரம். நுரையீரலைக் காண வேறு.

இவ்வெண்களால் விளையும் பயன் பெரிது. திடீரென்று ஒருவருக்குக் கைகால் விழுந்துவிட்டது. குழாய் அடைத்ததா, வெடித்ததா? அடைப்பாயின் நான்கரை மணி நேரத்துக்குள் கட்டி கரைக்கும் மருந்தைத் தரலாம். வெடிப்பாயின் அதே மருந்து உயிரைக் குடிக்கும். வெளியிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தராசில் 60, 70 என்று குருதி தெரிந்தால், மருந்து ஊசி திரும்பப் பெட்டிக்குள் போகும்.

எண் ஏமாற்றும் இடம்

இனி நம் நாராயணவனத்துத் தாத்தாவிடம் திரும்புவோம். வயது ஏற ஏற மூளை சிறிது சுருங்குகிறது. அதனால் மூளையிலிருந்து வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய குருதிக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. இலேசான அடியிலும் ஒன்று அறுந்து, குருதி சிறிது சிறிதாகத் தேங்கலாம். அன்றே படம் எடுத்திருந்தால் அது வெள்ளையாகத் தெரிந்திருக்கும். குருதிக்கு அவ்வெண்மை தருவது பெரும்பாலும் அதிலுள்ள சிவப்புப் புரதம். நாளடைவில் அப்புரதம் சிதைகிறது; எண்ணும் இறங்குகிறது. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கிடையே அது மூளையின் எண்ணுக்கே வந்துவிடுகிறது. அப்போது குருதி அங்கே இருந்தும் நிறத்தால் தெரியாது! இன்னும் சில வாரம் சென்றால் நீரை நெருங்கிக் கருமையாகிவிடும்.

அங்ஙனமாயின் மருத்துவர் எப்படிக் காண்பார்? எண்ணை விட்டு இடத்தை நோக்குவார். மூளையின் நடுக்கோடு ஒருபுறம் தள்ளப்பட்டிருக்கிறதா? மேற்பரப்பின் மடிப்புகள் ஒருபக்கம் மட்டும் நசுங்கி மறைந்துள்ளனவா? இவையே சான்று. இதற்கு அவருக்கு ஒரு செய்தி தேவை: "மூன்று வாரத்துக்கு முன் தாத்தா விழுந்தார்." எந்த எந்திரமும் அதைக் கூறாது, வீட்டார்தான் கூறவேண்டும். குருதி உறையாதிருக்க மாத்திரை உண்பவராயின் அதையும் மறவாமல் கூறவேண்டும். கண்டுபிடித்தபின், மண்டையில் சிறு துளையிட்டுத் தேக்கத்தை வடித்துவிட்டால், பெயர் மறந்த தாத்தா பேரனைப் பெயர் சொல்லி அழைப்பது அரிதன்று.

இத்தராசுக்கு வேறு குறைகளும் உண்டு. அது காட்டுவது உண்மையான எடையடர்த்தி அன்று. கதிரைத் தடுக்கும் ஆற்றல் மட்டுமே. கதிரின் வலிமையை மாற்றினால் எலும்பு போன்றவற்றின் எண்ணும் மாறும். குருதிச் சோகை மிக்கவருக்குப் புதிய குருதியும் வெளுத்துக் காட்டாமற் போகலாம். ஒரு கட்டத்திற்குள் பாதி எலும்பும் பாதி மூளையும் அமைந்தால், இரண்டுக்கும் நடுவான பொய்யெண் ஒன்று வரும். ஆகையாற்றான் நீர் நிறைத்த உருளையை வைத்து, அது 0 காட்டுகிறதா என்று கருவியை அடிக்கடி சோதிக்கின்றனர். கடைக்காரர் தராசுத் தட்டுகளைச் சமன் பார்ப்பது போல. கதிரின் அளவும் எண்ணத்தக்கது: ஒரு தலைப்படம் தரும் கதிர், இயற்கையில் ஓராண்டில் நாம் பெறும் கதிருக்கு ஏறத்தாழ ஈடாகும். தேவைக்கு எடுப்பதே முறை, விருப்பத்துக்கு அன்று.

தேங்காயைச் சுண்டிய தாயின் விரலும் முறிவைத் தடவிய வைத்தியரின் கையும் நெடுநாட் பழக்கத்தால் அளந்தன. ஹவுன்ஸ்பீல்டின் கருவி எண்ணால் அளக்கிறது. எண் வந்துவிட்டதால் அறிவுக்கு ஓய்வில்லை. அந்த எண்ணுக்குப் பொருள் கூற வேண்டிய கடமை கூடுகிறது. இயற்பியலும் கணிதமும் பயிலும் மாணவ நண்பர்களே, வகுப்பில் மடக்கைப் பட்டியலைப் புரட்டும்போது சலிப்புத் தோன்றினால், அக்கணக்கு ஒரு தாத்தாவை அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முதியவர் எவரேனும் விழுந்தால், கையை மட்டும் பாராதீர்கள், "தலையில் பட்டதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.