உரிமையை அளிப்பவர் யார்?

மனிதனுக்கு உரிமைகள் உண்டென்பதை இன்று மறுப்பார் அரியர். ஆயின், அவ்வுரிமைகளை அவனுக்கு அளித்தவர் யார் என்று வினவின், அறிஞர்கள் இரு அணியினராகப் பிரிவர்.

உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றுக்கான உரிமைகள் இயற்கையாகவே மனிதனுக்கு உரியவை என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக். அவை அரசு தோன்றுமுன்பே இருந்தவை. அவற்றைக் காப்பதற்கே மக்கள் அரசை அமைத்தனர் என்பது அவர் கொள்கை. ஜெரமி பெந்தம் இதனை ஏற்கவில்லை. சட்டம் பிறப்பித்ததே உரிமை. ஏனையவை வெறும் விருப்பங்கள் என்பது அவர் முடிபு. மீறியவனைத் தண்டிக்க வழியில்லாதபோது, உரிமை என்னும் பெயரால் எவருக்கு என்ன பயன் என்று அவர் வழிவந்தோர் கேட்பர்.

இவ்விரு கொள்கைகளுக்கும் ஜேர்மனி உரைகல்லாயிற்று. 1941 நவம்பரில் ஹிட்லரின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, வெளிநாடுகளில் வாழ்ந்த ஜேர்மானிய யூதர் பிரசாவுரிமையை இழந்தனர். அவர்தம் சொத்துக்கள் அரசுக்குரியவாயின. இக்கொள்ளை சட்டத்தின் வடிவிலேயே நிகழ்ந்தது. உரிமையைத் தருவது சட்டமே எனின், சட்டமே அதனைப் பறிக்கும்போது குறைகூற இடமேது?

இவ்வினாவுக்கு 1946இல் விடை கூறியவர் குஸ்தாவ் ராட்புரூக். முன்னர் நீதியமைச்சராய் இருந்த அவரை, நாஸிகள் 1933இல் பேராசிரியர் பதவியினின்றும் நீக்கியிருந்தனர். சட்டம் குறையுடையதாயினும், பொதுவாக அதற்கு அமைந்தொழுகுதலே முறை என்றார் அவர். இன்றேல் நாட்டில் எதற்கும் உறுதியிராது. ஆனால், சட்டம் நீதியோடு தாங்கொணா அளவுக்கு முரண்படுமாயின், சட்டமே நீதிக்கு வழிவிடல் வேண்டும்.

1968இல், ஒரு யூத வழக்கறிஞரின் வாரிசுரிமை தொடர்பாக எழுந்த வழக்கில், மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்வழியையே பின்பற்றியது. 1941ஆம் ஆண்டின் ஆணை தொடக்கம் முதலே செல்லாதது எனத் தீர்ப்பளித்தது.

இதனாற் பெந்தத்தின் கட்சி முற்றிலும் தோற்றதெனக் கொள்ளலாகாது. அத்தீர்ப்பை வழங்கவும் ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. மனித மாண்பு மீறப்படலாகாது என்பதை 1949ஆம் ஆண்டின் ஜேர்மானிய அரசியலமைப்பு முதல் உறுப்பிலேயே விதித்து, அவ்விதியைத் திருத்தத்துக்கும் அப்பாற்பட்டதாக்கிற்று. ஐக்கிய நாடுகள் சபை 1948இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனமும், 1966இல் ஏற்கப்பட்ட இரு உடன்படிக்கைகள் வாயிலாகவே நாடுகளைப் பிணிக்கும் சட்டவடிவம் பெற்றது.

சட்டத்தின் துணையின்றேல் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். சட்டத்தையும் நிறுத்துப் பார்க்கும் நீதி இன்றேல், ஆட்சியாளர் ஒரே கையொப்பத்தால் அவ்வுரிமையை அழித்துவிடலாம். ஆதலின் இரண்டனையும் காத்தல் மக்களின் கடனாகும்.