அர்ச்சனாவின் சுதாவும் கமலாட்சியும்

ஊரில் ஒரு மனை வாங்கிப்போட்டு, வீடு கட்டக் கடனுக்கு அலைந்த நம்மவர்கள் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதில் அலுவலகம் போகும் சுதாவாக அர்ச்சனா நடித்தார். லஞ்சம், காண்டிராக்டரின் மோசடி, கடைசியில் நிலமே குடிநீர் வாரியத்துடையது என்ற இடி. ஒவ்வொன்றும் அந்த முகத்தில் களைப்பாகப் படிவதைப் பார்க்கலாம். சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

மறு ஆண்டே, நரசிங் ராவ் இயக்கிய 'தாசி' என்ற தெலுங்குப் படத்துக்காக மீண்டும் அதே விருது! தெலங்கானா நிலக்கிழார் மாளிகையில் அடிமைப்பட்ட கமலாட்சி வேடம். சுதாவாவது காண்டிராக்டரைத் தட்டிக் கேட்டாள். கமலாட்சிக்கு வாய் திறக்கவே உரிமையில்லை. வசனம் மிகக் குறைவு என்பதால் தெலுங்கு தெரியாத நாமும் பார்க்கலாம். எசமானனால் உண்டான கருவைக் கலைக்கச் சொல்லும்போது அவள் கண்களைக் கவனியுங்கள்.