உங்களுக்குத் தெரியுமா? கண்டியில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பாமார்!

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை பிடிபட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், அண்ணன் தம்பி இருவர் ஒரே பெண்ணுடன் குடும்பம் நடத்தியதையும், பிள்ளைகள் இருவரையுமே தகப்பன் என்று அழைத்ததையும் 1681இல் வெளியான தம் நூலில் பதிந்திருக்கிறார். பிரித்தானியர் 1859இல் கட்டளைச் சட்டம் போட்டு அந்த வழக்கத்தைத் தடுத்தார்கள்.

பெற்றவர் வேறு, வளர்ப்பவர் வேறு என்ற பேச்சு இப்போது வேறு வழியால் வந்திருக்கிறது. 1973க்கும் 2018க்கும் இடையில் உலக ஆண்களின் விந்தணுச் செறிவு மில்லிலீட்டருக்குச் சுமார் 10 கோடியிலிருந்து 5 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டதாக 2022இல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. கணக்கிட்ட முறை குறித்து நிபுணர்களிடையே வாதம் ஓயவில்லை. ஆனாலும் மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் கணவர் விந்துப் பரிசோதனைக்கு அசைகிறார். இரண்டில் எளிதும் மலிவும் அதுதான்!

விந்தணுவே இல்லாதவர்களுக்குக் கொடையாளியின் விந்து ஒரு வழி. மறை 196 பாகை திரவ நைதரசனில் அது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். உறைவிந்தால் உண்டான முதல் கருக்கள் பற்றிய செய்தி 1953இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் விந்து வங்கி 2025இல்தான்.

கொடையாளியின் விந்தால் பிறக்கும் பிள்ளைக்குச் சட்டப்படி தகப்பன் யார்? மணவாழ்வுக்குள் பிறந்த பிள்ளை கணவனுடையதே என்கிறது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. கணவன் ஆண்மையற்றவர், அல்லது மனைவியை நெருங்கவே வாய்ப்பிருக்கவில்லை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. அச்சட்டத்தை எழுதியவர்கள் விந்து வங்கியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.