வேலையின் வடிவம் – 9: மலையில் மாறியதும் மாறாததும்

ஓர் அமைப்பைச் சீர்திருத்த முனைவோர் பெரும்பாலும் உரிமையாளரையோ, சம்பளத்தையோ, அதிகாரிகளின் படிநிலையையோதான் முதலில் மாற்றுகின்றனர். ஒரு தொழிலாளி காலை முதல் மாலை வரை எதை, எந்த ஒழுங்கில், யாருடைய தீர்மானப்படி செய்கிறார் என்பதே வேலை வடிவமைப்பு எனப்படுகிறது. அது கடைசியாகவே கவனத்துக்கு வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே மாறியும், கொழுந்து பறிப்பவரின் ஒரு நாள் ஏன் மாறவில்லை என்பதை இவ்வாரம் ஆராயலாம்.

வேலையின் வடிவமே மாறிய ஒரு காலம் இம்மலைகளிலும் இருந்தது. அம்மாற்றத்தைச் செய்தது முகாமைத்துவமன்று, பயிர். 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதுவரை இம்மலைகளின் முதன்மைப் பயிராயிருந்த காப்பியின் இலைகளில் 1869இல் துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலையே அழித்தது. காப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்பட்டதால், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரிற் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஒரு மலையில் கொழுந்து பறித்தால் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் அதே மலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் நிலைபெற்ற தொழிற்படை தேவைப்பட்டது. ஆள் சேர்ப்பவர், கடன் கொடுப்பவர், வேலை வாங்குபவர் ஆகிய மூன்று பாத்திரங்களும் பெரிய கங்காணி என்னும் ஒருவரிடமே குவிந்தன. கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதவாறு தடுத்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

அக்காலத்தில் உருவான நாள் ஒழுங்கு இன்றும் பெரிதும் அப்படியே உள்ளது. காலையில் பிரட்டுக்களம் எனப்படும் ஆள் கூடுமிடத்தில் ஆட்கள் கூட, கணக்கப்பிள்ளையோ கங்காணியோ யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறார். மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை காட்டப்படுகிறது. பறித்த கொழுந்து நாளில் இரண்டு மூன்று முறை நிறுக்கப்பட்டு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போக எஞ்சியது பெயருக்கு நேரே பதியப்படுகிறது. குறித்த கிலோ எட்டப்பட்டால் முழு ‘பேர்’, அதாவது ஒரு முழு நாட்சம்பளம், எட்டப்படாவிட்டால் அரைப்பேர். கொழுந்து எடுப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். கவ்வாத்து (செடியைக் கத்தரித்தல்) வெட்டுதல், கான் (வடிகால்) வெட்டுதல் முதலியன பெரும்பாலும் ஆண்களுக்குரியவை, அவ்வேலைகள் பலவேளை மதியத்தோடு முடிந்தும் விடுகின்றன. ஒரு பெண் ஒரே செடியை ஆண்டுக்கணக்கில் பறித்தாலும், அச்செடி எப்போது கவ்வாத்து செய்யப்பட வேண்டும், எவ்வளவு உரம் பெற வேண்டும் என்பவற்றில் அவருக்குச் சொல்லில்லை.

1970களில் அமெரிக்க உளவியலாளர் ஹேக்மனும் ஓல்டமும் ஒரு வேலைக்கு ஊக்கமளிக்கும் ஐந்து பண்புகளை வகுத்தனர்: பல திறன்களுக்கு இடமிருத்தல், ஒரு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய வாய்த்தல், அப்பணி பிறருக்குப் பயன்படுவதை உணர்தல், சுயமாகத் தீர்மானிக்கும் உரிமை, விளைவைத் தானே அறிதல். இவ்வளவுகோலைப் பிரட்டு முறையின்மேல் வைத்தால் ஐந்தாவது மட்டுமே ஓரளவு தேறும், அதுவும் தராசு காட்டும் எண்ணாக மட்டும். வேலையைத் துண்டாக்கி, சிந்தனையை மேலாளருக்கும் செயலைத் தொழிலாளிக்கும் பிரித்துக் கொடுக்கும் கோட்பாட்டைத் தமது 1911ஆம் ஆண்டு நூலில் முன்வைத்தவரும் ஒரு டெய்லர்தான், ஃபிரெடெரிக் டெய்லர். ஆனால் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் நூல் தேவைப்பட்டிருக்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னர் வந்த மாற்றங்கள் யாவும் மேல்தளத்திலேயே நிகழ்ந்தன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு வரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் சில தோட்டங்கள் மட்டும் அரச நிறுவனங்களிடமே எஞ்சின. பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கு இவை கடிதத்தலைப்பு மாறியதற்கு மேல் பெரிதாக எதையும் உணர்த்தியிருக்க வாய்ப்பில்லை.

சம்பளப் பேச்சுகளும் இதே பாதையிலேயே சென்றன. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபா நாட்சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. எஞ்சியவற்றில் 140 ரூபா உற்பத்தித்திறனுக்கும், 60 ரூபா வரவுக்கும் உரிய ஊக்கக் கொடுப்பனவுகள். 2019இல் அடிப்படை 700 ரூபாவாக உயர்ந்தபோது அவ்விரண்டும் கைவிடப்பட்டன. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயிக்க, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோ உயர்த்தப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அதே ஆண்டு இரசாயன உர இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. உரமில்லாத செடியில் கொழுந்து குறைவது தொழிலாளியின் குற்றமன்று; எனினும் அளவுகோல் அவர் கூடையிலேயே வைக்கப்பட்டது. தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரை அளப்பது வேலை வடிவமைப்பின் அடிப்படைப் பிழை; 2024இல் 1,350 ரூபாவாக ஏற்றப்பட்ட சம்பளமும் அதைத் தொடவில்லை.

இப்பின்னணியில்தான் சில கம்பனிகள் முன்வைத்துள்ள வருமானப் பகிர்வு முறை கவனத்துக்குரியதாகிறது. அதன்படி ஒரு குடும்பத்திடம் குறித்த எண்ணிக்கையான செடிகள் ஒப்படைக்கப்படுகின்றன; பராமரிப்பும் பறிப்பும் அக்குடும்பத்தின் பொறுப்பு; கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம் தரப்பட்டு, உரம் முதலியவற்றின் செலவு கழிக்கப்படுகிறது. சென்ற இதழில் கண்ட இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்க ஆய்வில், 1951இல் டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் காட்டியது இதனோடு தொடர்புடையது: இயந்திரங்களால் துண்டாடப்படுமுன் அங்கிருந்த சிறு குழுக்கள் முழுப் பணியையும் தாமே பகிர்ந்து செய்தவை. ஒரு செடியின் முழு வாழ்வும் ஒரே குடும்பத்தின் கைக்கு வருவது, ஹேக்மன்–ஓல்டம் பண்புகளில் இரண்டாவதையும் நான்காவதையும் ஒருசேர மீட்டுத்தரக்கூடியதே.

ஆயினும் தீர்மானத்தை விட்டுக்கொடுக்காமல் நட்டத்தை மட்டும் கைமாற்றுவதற்கும் இதே ஏற்பாடு பயன்படும். இலங்கைத் தேயிலையிற் பெரும்பங்கை விளைவிக்கும் சிறுதோட்ட உடைமையாளருக்கு நிலம் சொந்தம். தேயிலை விற்பனை வருமானத்தை அவருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 எனப் பங்கிடும் விலைச் சூத்திரமும் உண்டு. கொழுந்து வாங்குவோரிடையே தெரிவும் உண்டு. லயத்திலிருப்பவருக்கு நிலமில்லை, வாங்குபவரும் ஒருவரே. தொழில்தருநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி, நாட்சம்பளம் இல்லாதபோது எத்தொகையின்மேல் கணக்கிடப்படும் என்பதும், பெண் பறிக்கும் கொழுந்துக்கு உரிய ஒப்பந்தம் யார் பெயரில் எழுதப்படும் என்பதும் கையெழுத்துக்கு முன்பே தெளிவாக வேண்டியவை.

கால அளவு என்னும் சிக்கலும் உண்டு. கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. மண்ணரிப்புக்கு உள்ளான கண்டி மலைகளில் பழைய செடிகளைப் பிடுங்கி, நிலத்தைப் புல் வளர்த்துத் தேற்றி, மறுநடுகை செய்து, சீரான கொழுந்து காண்பதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். அதன் பிறகு அச்செடி பல பத்தாண்டுகள் பலன் தரும். ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தை வைத்திருக்கும் குடும்பம் அச்செலவையும் உழைப்பையும் அம்மண்ணில் இடாது. குத்தகை முடிவு நெருங்க நெருங்க, கம்பனியும் இடாது.