அமிர்தாவின் தந்தை எடுத்த படங்கள்

படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு வாடிக்கைக்காரர் என்று ஒருவர் உண்டு. அவர் விரும்பிய முகத்தை, அவர் விரும்பிய தோரணையில், கொடுத்த பணத்துக்குப் பழுதில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டால் அத்துடன் கடமை தீர்ந்தது. பொழுதுபோக்காக எடுப்பவருக்கோ அத்தகைய நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமையால், தம் வீட்டு மனிதர் நாலைந்து பேரையே ஆயுள் முழுவதும் சலிப்பின்றி எடுத்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறு எடுத்தவர்களுள் நம் தேசத்தில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் சர்தார் உம்ராவ் சிங் ஷேர்கில் என்பது என் அபிப்பிராயம்.

ஷேர்கில் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஓவியர் அமிர்தா ஷேர்கில். அவருடைய தந்தைதான் இவர். 1870-ல் பஞ்சாபின் மஜீதியா என்னும் சீக்கியப் பிரபு வம்சத்தில் பிறந்து, சம்ஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் தேர்ச்சி பெற்று, கவிஞர் இக்பாலின் சிநேகத்தைச் சம்பாதித்து, யோகம், வான சாஸ்திரம், தச்சு வேலை என்று மனம் சென்ற வழியெல்லாம் சென்று கற்ற இந்த மனிதருக்குக் காமிராவும் அத்தகைய வித்தைகளில் ஒன்றாகவே இளமையில் கைவந்தது. ரஞ்சித் சிங்கின் பேத்தியான இளவரசி பம்பாவுக்குத் துணையாக லாகூருக்கு வந்திருந்த ஹங்கேரியப் பாடகி மரி அந்துவானெத்தை 1912-ல் மணந்தார். 1913-ல் புடாபெஸ்டில் அமிர்தாவும், மறு வருஷம் இந்திராவும் பிறந்தனர். யுத்தம் மூண்டதால் நாடு திரும்ப வழியின்றி 1921 வரை ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது, பின்பு சிம்லா, பெண்ணின் ஓவியப் பயிற்சிக்காக 1929-ல் பாரிஸ், 1934-ன் இறுதியில் மீண்டும் இந்தியா.

இத்தனை ஊர்களைக் கண்டவர், ஊர்களையல்லவா எடுத்துக் குவித்திருக்கவேண்டும்? பிரயாணம் போகிற நம்மவர் செய்வது அதுதானே! ஆனால் உம்ராவ் சிங்கின் மனம் ஆழ்ந்து ஈடுபட்டதெல்லாம் வீட்டுக்குள்ளேதான். ஊரும் தேசமும் மாறுகின்றன. நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனைவியும், மடியிலிருந்து இறங்கி, பாவாடை நீண்டு, பின்பு ஐரோப்பிய உடையிலும் சேலையிலும் மாறிமாறித் தோன்றும் பெண்களும், புத்தகங்களுக்கு நடுவே அமர்ந்த தாமும் மாறாமல் இருக்கிறார்கள். ஓரிரு படங்களை மட்டும் பார்ப்பவருக்கு இவை சாதாரணக் குடும்பப் படங்களாகத் தோன்றலாம்; வரிசையாகப் பார்ப்பவரோ, இவர் படம் பிடித்தது முகங்களை மட்டுமல்ல, அவற்றின் மேல் ஏறிச் செல்லும் காலத்தையும்தான் என்று அறிவார்.

அவர் எடுத்த முறையில் இது எளிய காரியமல்ல. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் சுருள் ஃபிலிம் அடைத்த கோடக் காமிராவை வெளியிட்டபின், 1900-ல் ஒரே டாலருக்கு பிரௌனி காமிரா வந்தபின், பட்டனை அமுக்குகிறவரெல்லாம் படம் பிடிக்கலாம் என்றாகிவிட்டது. இவரோ கண்ணாடித் தகடுகளை விடவில்லை. இரு கண்களைப்போல இரண்டு லென்ஸ்கள் உள்ள காமிராவால் இரட்டைப் படம் எடுத்து, அதற்கென அமைந்த கருவியில் வைத்துப் பார்த்தால் உருவங்கள் தட்டையாகத் தோன்றாமல் முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்குமே, அந்த ஸ்டீரியோ முறையும் அவருக்குப் பழக்கம். லூமியேர் சகோதரர் 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் வர்ணத் தகட்டையும் அவர் கையாண்டார். உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய மணிகளுக்கு மூன்று நிறமேற்றி, அவற்றைக் கண்ணாடியின்மேல் பரப்பிச் செய்த தகடு அது. நல்ல வெயிலிலும் ஒரு விநாடிக்கு மேல் ஒளி விழவேண்டியிருந்ததால், எதிரே இருப்பவர் அசையாதிருக்கவேண்டும். அக்காலப் படங்களில் குழந்தைகளின் முகத்தில்கூடக் காணப்படும் கம்பீரத்துக்கு இதுவும் ஒரு காரணமே தவிர, எல்லாவற்றையும் பின்னாளில் அந்த வீட்டில் நேர்ந்த சோகங்களின்மேல் ஏற்றிவிடக் கூடாது.

தம்மைத் தாமே அவர் எடுத்துக்கொண்ட படங்கள் விசித்திரமானவை. 1930-ல் பாரிஸில், பதினைந்து நாள் உபவாசம் இருந்தபின், வற்றிய வெற்றுடம்போடு நின்று ஒரு படம் எடுத்திருக்கிறார். சில படங்களில் நாடகத் தன்மை சற்று மிகுதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு; ஆனால் பிரபு வம்சத்தார் எவரும் வாடிக்கைப் படக்காரரின் முன் இப்படி நின்றிருக்க மாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

1941-ல் இருபத்தெட்டே வயதில் லாகூரில் அமிர்தா மாண்டார். 1948-ல் உம்ராவ் சிங்கின் மனைவி தற்கொலை செய்துகொண்டார். 1954-ல் உம்ராவ் சிங்கும் மறைந்தார். இந்திராவின் கணவர், பின்னாளில் நாட்டின் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்த கே.வி.கே. சுந்தரம். அவர்களுடைய புதல்வர் ஓவியர் விவான் சுந்தரம், பாட்டனாரின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று இழைத்து 2001, 2002-ம் ஆண்டுகளில் ஒரு வரிசை செய்தார். உம்ராவ் சிங்கைப் பலரும் அறிய அது உதவிற்று. இருந்தாலும் கை படாத மூலப் படங்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. அவற்றை மகளின் சரித்திரத்துக்கு அநுபந்தமாக மட்டும் வைத்துப் பார்ப்பது அநியாயம்.

யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பது தெரிந்திருப்பதால் அல்லவா இவற்றைப்பற்றி இவ்வளவாவது பேச முடிகிறது? உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். மை வேண்டாம், ஊறிவிடும். கண்ணாடித் தகடுகள் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனியே காகித உறையிலிட்டு நிறுத்தி வையுங்கள்.