கிளிமூக்கு விளையும் நாட்டில் சில நாட்கள்

ஐரோப்பாவில் வாழும் நம் குடும்பங்கள் ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பார்கள். கோடையின் முடிவில் நகரத்தார் திராட்சை விளையும் சிற்றூர்களுக்குச் சென்று தங்குகின்றனர். கொடிகளிடையே உலவி, விளைவிப்போர் வாயிலாகவே அத்தொழிலைக் கேட்டறிகின்றனர். தாயகத்தில் இத்தகைய விடுமுறைக்கு ஏற்ற இடம் உண்டோ எனின், நகரிப் பக்கத்து மாந்தோப்புகளையே நாம் முதற்கண் சொல்வோம்.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், திருத்தணிக்கும் புத்தூருக்கும் இடையே உள்ளது நகரி. திருப்பதி யாத்திரிகர் பெரும்பாலோர் அதனை வண்டியிலிருந்தே பார்த்துக் கடந்துவிடுகின்றனர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எனினும் கடைவீதியிலும் தறிக்கூடங்களிலும் தெலுங்கோடு தமிழும் இன்றளவும் ஒலிக்கின்றது.

ஜூலை விடுமுறையில் ஊர் செல்லும் பிள்ளைகள், மாம்பருவம் போயிற்றே என்று ஏங்க வேண்டா. பங்கனப்பள்ளி ஓய்ந்த பின்னரே சித்தூர்ச் சீமையின் கிளிமூக்கு மாம்பழம் முற்றுகின்றது. தோத்தாபுரி என்பதும் இதுவே. நுனி கிளியின் அலகுபோல் வளைந்திருத்தலால் இப்பெயர் பெற்றது. காயைக் காம்போடு பறிப்பதன் காரணத்தைத் தோப்பிலேயே பிள்ளைகள் அறியலாம்: காம்பொடிந்து வடியும் பால் பட்டால் தோல் கறுத்துவிடும்.

நம் அயல்நாட்டுச் சமையலறைகளில் இருக்கும் மாம்பழக்கூழ் டப்பாக்களிற் பல இவ்வட்டாரத்து ஆலைகளிலிருந்து வந்தவை. டப்பாவின் சுவை அறிவோம். உழவர் பாடு அறிவோமா? 2025-ஆம் ஆண்டில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும், அரசு 4 ரூபாயும், ஆக 12 ரூபாய் தருவதென ஆந்திர அரசு அறிவித்தது. அந்த எட்டு ரூபாயும் கைக்கு வரவில்லை என்று உழவர் பலர் முறையிட்டனர். பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. ஓராண்டு உழைப்பு வெயிலில் அழுகுவதைக் கண்டோர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆகவே அன்பர்களே, திருப்பதிப் பயணத்தோடு இரண்டு நாட்களை இவ்வூருக்கென ஒதுக்குங்கள். திருத்தணியிலோ புத்தூரிலோ தங்கலாம். ஆடிக் கிருத்திகையை ஒட்டிச் சென்றால் முருகன் தரிசனமும் வாய்க்கும். உரியவரிடம் கேட்டுத் தோப்புக்குள் செல்லுங்கள். பேரம் பேசாது, அவரிடமே பழம் வாங்குங்கள். பழத்தை உண்ணும் பிள்ளை, அதை விளைவித்தவர் முகத்தையும் அறிந்து வளரட்டும்.